யாருக்கும் இல்லாத பெயர்

நான் புதிதாக வைத்துக்கொண்ட குடும்பப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பாதுகாப்புக்காக என்று நினைத்தால் தப்பு. அதெல்லாம் கைமீறிப் போய்விட்டது. அதை எழுத எனக்குக் கை கூசுகிறது, அவ்வளவுதான். பழைய பெயரையும் எழுத மாட்டேன். அதைச் செய்தித்தாள்களே ஒரு காலத்தில் போதும் போதும் என்கிற அளவுக்கு எழுதித் தீர்த்துவிட்டன.

நான் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, ஈறை வார்த்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கடைசியில் தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவோம். அச்சோடு ஒரு சீட்டு வரும். அதில் நோயாளியின் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். ஒரு நாளைக்கு இருபது சீட்டாவது என் கையில் ஏறி இறங்கும். பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு என்பதால், பெயரை மாற்றிக்கொள்ள முடிவு செய்தபோது எனக்கா பெயருக்குப் பஞ்சம் என்று நினைத்தேன்.

ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். என் அண்ணன் தன் கூட்டாளியைக் கொன்றான். இருவரும் சேர்ந்து பழைய கார் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்து, யாரிடமும் பேசாமல் குளியலறைக்குள் போய்ச் சட்டையைத் துவைத்தான். தன் வாழ்நாளில் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைக்காதவன். கதவுக்கு அடியில் தண்ணீர் சிவப்பாக வந்ததைப் பார்த்தவள் நான். போலீஸ் கேட்டபோது சொன்னேன், கோர்ட்டிலும் சொன்னேன். அம்மா மட்டும், அன்றைக்குத் தலைவலி என்று படுத்திருந்ததாகவும் எதையும் பார்க்கவில்லை என்றும் சொன்னாள். கூண்டில் நின்ற அண்ணன் கத்தவில்லை, திட்டவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"உனக்கு நல்ல ஞாபக சக்திம்மா," என்றான்.

அதற்குப் பிறகு என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சிறையிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. வெளியே பூப்படம். உள்ளே ஒரே வரி: எனக்கும் ஞாபகம் இருக்கு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு முறை ஊர் மாறினேன். அட்டையும் எங்கள் பின்னாலேயே ஊர் மாறியது. எங்களுடையது எங்கும் காணாத குடும்பப் பெயர். யாரை விசாரித்தாலும், எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் எங்கள் வீட்டில்தான் வந்து நிற்கும். அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறான் என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். இன்னும் ஆறு மாதத்தில் அவன் விடுதலை என்று அரசாங்கக் கடிதம் வந்தது. சாட்சி சொன்னவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது அவர்கள் வழக்கமாம். அன்றைக்கே பெயரை மாற்றுவது என்று முடிவு செய்தேன். எனக்கு உயிர் மேல் ஆசை. அதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

சீட்டுகளை ஒரு வாரம் வேறு கண்ணோடு பார்த்தேன். எந்தப் பெயரை எடுத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு வாய் இருந்தது. இந்தப் பெயர் என்றால் முன்பல் தேய்ந்த கிழவர், அந்தப் பெயர் என்றால் மூன்று முறை செட்டைத் திருப்பி அனுப்பிய மகராசி. ஊரில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் இருக்கும் சாதாரணப் பெயர் ஒன்று உண்டு. ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அண்ணன் கொன்ற அந்தக் கூட்டாளியின் பெயரும் அதுதான். அதை எடுத்து என் பெயரோடு ஒட்டிக்கொள்ள மனசு வரவில்லை.

பெயர்ப் பதிவு அலுவலகத்தில் இருந்த அம்மையார் பொறுமைசாலி. விண்ணப்பத்தைப் புரட்டி, என் பழைய பெயரைப் பார்த்ததும் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி பேசினார்.

"ரெண்டு வழி இருக்கு. எல்லாரும் வச்சிருக்கிற பேரை எடுத்துக்கலாம், கேள்வி கேட்பாரே கிடையாது. இல்லைன்னா யாருக்குமே இல்லாத பேரா நீங்களே உண்டாக்கலாம். அப்படி உண்டாக்கினா அது உங்க குடும்பத்துக்கு மட்டும்தான் சொந்தம். வேற யாராவது கேட்டா, அந்தப் பேர் வச்சிருக்கிற ஒருத்தர் சம்மதக் கையெழுத்துப் போடணும். இல்லாம நாங்க கொடுக்க மாட்டோம்."

"பூட்டுப் போட்ட பேரு," என்றேன்.

"அப்படியும் சொல்லலாம். ஆனா நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. ஒளியணும்னா கூட்டத்துக்குள்ள போங்க. புதுப் பேர்னா உலகத்துலயே நீங்க மட்டும்தான் இருப்பீங்க."

"அந்தப் பேர் தெரிஞ்சாத்தானேங்க தேடுவான்?"

அவர் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். சொல்கிறவர்கள் சொன்னால் கேட்கிறவளுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்கு அந்தப் பூட்டு பிடித்துவிட்டது. பழைய பெயரில் ஊரே வந்து எட்டிப் பார்த்தது. இந்தப் பெயரில் நான் விட்டால்தான் ஒருவர் உள்ளே வரலாம்.

கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை மெழுகுக்காரர். மெழுகில் பல் நடுவதில் கெட்டிக்காரர், அவர் வாயில் இருப்பதே முழு பல்செட்தான். விஷயத்தை அவரிடம் மட்டும் சொன்னேன். நான்கு நாள் உணவு இடைவேளையில் இருவரும் உட்கார்ந்து வாய்க்கு வந்த ஓசைகளையெல்லாம் கோத்துப் பார்த்தோம்.

"நல்ல பேருக்கு ஒரு சோதனை இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தன் செட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார். "பல்லு இல்லாமலும் சொல்ல வரணும். நாளைக்கு உனக்கும் வயசாகும்ல?"

பொக்கை வாயால் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பாதிப் பெயர் காற்றாகப் போயிற்று. ஒன்று மட்டும் பல்லே தேவைப்படாமல் உருண்டு வந்தது. குட்டிப் பெயர், அர்த்தம் கிடையாது, எந்தச் சீட்டிலும் நான் பார்த்ததில்லை. அதையே வைத்துக்கொள்வது என்று சிரித்துக்கொண்டே முடிவு செய்தேன். வருடக்கணக்கில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

அம்மாவிடம் சொன்னபோது வீடு இரண்டுபட்டது. ஒரே வீட்டில் ஒருத்திக்குப் பழைய பெயரும் ஒருத்திக்குப் புதுப் பெயருமாக இருந்தால் பெயரை மாற்றியதே வீண், இரண்டு பேரும் சேர்ந்துதான் மாற்ற வேண்டும் என்றேன்.

"உங்கப்பா கொடுத்த பேரு. அதோடதான் சாவேன்."

"அந்தப் பேரால நான் செத்துடுவேன் போலிருக்கு, அது பரவாயில்லையா?"

"அவன் உன் கூடப் பிறந்தவன்டி."

மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை அவள் பஸ் ஏறி, தூரத்தில் இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்குப் போவது வழக்கம். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். துணைக்கு வருகிறேன் என்றால் உன் வேலையைப் பார் என்பாள். அப்படிப் போய்விட்டு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சரி, எனக்கும் அதே பேரை வச்சுக்கறேன். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. கண் ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கு மனசு எப்படி மாறியது? கேட்டிருக்க வேண்டும். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் ஒப்புக்கொண்டதே போதும் என்றிருந்தது. அன்று முதல் அம்மா ஒரு நோட்டில் புதுப் பெயரை எழுதி எழுதிக் கையெழுத்துப் பழகினாள். பழகும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்காகத்தான் என்று எண்ணி, அவளைத் திட்டியதற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் சான்றிதழ் வந்தது. தபால் பெட்டியில் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்டினேன். வங்கியிலும் கூடத்திலும் மாற்றினேன். அரசாங்கத்துக்கு, அதாவது அந்த விடுதலைக் கடிதம் அனுப்பியவர்களுக்கு, மட்டும் சொல்லவில்லை. அந்த அலுவலகம் சிறையோடு சேர்ந்தது. அங்கே ஒரு காகிதத்தில் என் புதுப் பெயர் இருந்தாலும் அது அவன் கண்ணில் படும் என்று பயம். ரொம்பப் புத்திசாலித்தனமாக நடந்துகொள்வதாக எனக்கு நினைப்பு.

சில நாள் கழித்து, காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தபால்காரர் படியில் மறித்தார். கையில் ஒரு பழுப்புக் கவர். மேலே என் பழைய பெயர்.

"பெட்டியில வேற பேர் இருக்கே. இது உங்களுக்கா பாருங்க."

"அப்படி யாரும் இங்க இல்லை," என்றேன்.

அவர் அதையே கவர் மேல் எழுதித் திருப்பிக் கொண்டுபோனார். பழைய பெயரில் எனக்கு யார் என்ன அனுப்பினாலும் அதில் நல்லது இருக்காது என்பது என் அனுபவம். அன்றைக்கு முழுக்க, ஒரு பெரிய சனியன் தொலைந்த மாதிரி லேசாக இருந்தது. மெழுகுக்காரரிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன்.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது பெட்டியில் பெயர்ப் பதிவு அலுவலகத்தின் கவர் இருந்தது. மேலே புதுப் பெயர். படிக்கட்டில் நின்றபடியே பிரித்தேன். பூட்டுப் போட்ட பெயரில் புதிதாக ஒருவர் சேர்ந்தால், ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குத் தகவல் அனுப்புவது விதியாம். இந்தப் பெயரை இப்போது மூன்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று இருந்தது. முதலில் நான், இரண்டாவது அம்மா. மூன்றாவதாக அண்ணன். சம்மதம் கொடுத்தவர் என்ற இடத்தில் அம்மாவின் கையெழுத்து. அண்ணனின் முகவரி என்ற இடத்தில் எங்கள் வீட்டு எண், எங்கள் தெரு.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை அவள் முன்னால் நீட்டினேன்.

"அட, அதுக்குள்ள வந்துடுச்சா?"

"அவனுக்கு நம்ம பேரைக் கொடுத்தியாம்மா?"

"பின்னே? அவன் என்ன வேத்து மனுஷனா? அந்தப் பழைய பேரோட வெளிய வந்தா எவன்டி வேலை கொடுப்பான், எவன் வீடு கொடுப்பான்? அவன்தான் கேட்டான், அம்மா நீயும் மாத்திக்கோ, நீ கையெழுத்துப் போட்டா எனக்கும் கிடைக்கும்னு. நீ பெரிய மனசு பண்ணி மூணு பேருக்கும் சேர்த்துப் பேர் கண்டுபிடிச்சுட்டேன்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டான்."

"எப்போ சொன்னே?"

"போய்ப் பார்க்கும்போது. வெள்ளிக்கிழமையில."

அவள் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஊர் மாறினப்பல்லாம் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் எழுதினேன். பெத்தவ எங்க இருக்கான்னு தெரியாம அவன் தவிக்கணுமா?"

பெற்ற மனம் பித்து என்பார்கள். அது அவ்வளவு சாதாரணமான முகத்தோடு, துண்டை நாலாக மடித்துக்கொண்டே பேசும் என்று யாரும் சொன்னதில்லை.

"அம்மா, அவன் என்னைக் கொன்னுடுவான்."

"அப்படி அவன் வாயால ஒரு தடவை சொல்லியிருக்கானா? சொல்லு பார்ப்போம். வருஷா வருஷம் வாழ்த்துதானே அனுப்பினான்? உனக்குத்தான் மனசுல கல்லு."

சொல்லியதில்லை. ஒரு முறைகூடச் சொல்லியதில்லை. எந்தப் போலீசிடம் போய் நான் எதைக் காட்டுவேன்? ஒன்பது பூப்படம் இருக்கிறது.

"விடுதலைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு," என்றேன். அவளிடம் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா தெரியாது. "நான் வேற எங்கயாவது போயிடறேன்."

"ஆறு வாரமா? நன்னடத்தைன்னு முன்னாடியே விட்டுட்டாங்களே. உனக்கும் கடுதாசி போட்டோம்னு அவன்கிட்டச் சொன்னாங்களாம். வரலையா?"

வந்தது. அப்படி யாரும் இங்கே இல்லை என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

"இப்ப எங்க இருக்கான்?"

"காலையில நீ போனதும் வந்தான். பாவம், மெலிஞ்சு போயிட்டான். வீட்டைச் சுத்திப் பார்த்தான், உன் அறையையும் பார்த்தான். கதவுல தாழ்ப்பாள் ஆடுதும்மா, தங்கச்சி தனியா படுக்கிற இடம், இப்படியா இருக்கிறதுன்னு சொல்லி, அவனே கழட்டி எடுத்துட்டுப் போயிருக்கான். கடையில காட்டி நல்லதா வாங்கிட்டு வரேன்னான்."

திரும்பிப் பார்த்தேன். என் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள் இருந்தன. தோளில் இருந்த பையை நான் இன்னும் இறக்கவில்லை. அப்படியே வெளியே வந்து, சத்தம் வராமல் படி இறங்கினேன்.

ஒரு மாடிதான் இறங்கியிருப்பேன். கீழே வாசல் கதவு திறந்து மூடியது. கீழ்வீட்டு அக்கா பகலில் வேலைக்குப் போய்விடுவாள். சந்தேகப் பேர்வழி, வீட்டில் இருந்தால் புது ஆள் யார் வந்தாலும் நிறுத்திக் கேட்காமல் விட மாட்டாள்.

"யாருங்க நீங்க? யார் வீட்டுக்கு?"

பதில் நிதானமாக வந்தது. மரியாதையான குரல், ஒன்பது வருடத்துக்குப் பிறகும் கொஞ்சமும் மாறாத குரல். தன் பெயர் என்று அவன் சொன்னது நான் உண்டாக்கிய பெயர். பிறந்ததிலிருந்தே அவனுடையது மாதிரி, தடுமாறாமல் சொன்னான்.

"அப்படியா! ரெண்டாவது மாடிதான், போங்க போங்க," என்றாள் அக்கா, நிம்மதியாக.