நாற்பது பவுண்டு காற்று

டயரை பூட்ஸ் காலால் ஓர் உதை உதைத்தான் கிளைவ். அது கல்லாக நின்றது. "நாப்பது பவுண்டு! இதுல்ல டயரு!" என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிரான்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குவீன்ஸ்லாந்தின் அந்த மாட்டுப் பண்ணையில், மேய்ச்சலில் சிதறிய மாடுகளை மடக்கப் புறப்படும் காலையில் எல்லா பைக்குக்கும் தலைமை ஆள் கிளைவ்தான் காற்றடிப்பான். குதிரைகள் இருந்த காலத்தில் சேணத்தை இழுத்துப் பார்த்த வழக்கம், இப்போது டயருக்கு வந்திருந்தது. வேறு யாரும் வால்வைத் தொடக்கூடாது. போன மாதம் இப்படிக் காற்றடித்த வண்டியில்தான் பிரான்வினின் புருஷன் டேரல் ஓடை மணலில் வழுக்கி விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டான். காற்று மிஞ்சிய டயர் மணலைப் பிடிக்காது; ஆனாலும் டயரை யாரும் குறை சொல்லவில்லை. டேரலுக்கு ஓட்டத் தெரியாது என்றார்கள். இன்று மறுபடி வண்டி ஏறுகிறான். விழுந்தால் வேலை போச்சு; விழுகிற விதத்தில் விழுந்தால் கழுத்தே போச்சு.

"நாப்பதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

"கண்ணு தெரியலையாம்மா? டயர்லயே போட்டிருக்கானே!"

குனிந்து பார்த்தாள். போட்டுத்தான் இருந்தது. பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'அதிகபட்சம்' என்றும் போட்டிருந்தது. இத்தனை வருஷமாக இந்த மனுஷன் அதைப் படிக்கவே இல்லையா? சீ!

வண்டி செய்தவன் சரியான அளவை எங்காவது ஒட்டியிருப்பானே என்று தேடினாள். செயின் கவர்மேல் சாணியும் செம்மண்ணும் விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தன. ஒருவனும் ஒரு நாளும் கழுவியதில்லை. கையாலேயே சுரண்டினாள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே கொழகொழத்தது. நகக்கண்ணில் ஏறியது. அடியில் ஓர் ஒட்டுத்தாள். முன்னால் இருபத்திரண்டு, பின்னால் இருபத்தைந்து.

"இதப் படிங்க. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு அடிச்சிருக்கீங்க!"

கிளைவ் படித்தான். பிறகு தன் வண்டிக்குப் போய்க் குத்துக்காலிட்டு, வால்வை அழுத்திக் காற்றை இறக்கினான். காற்றளக்கும் கேஜை வைத்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் இறக்கினான். டேரலின் வண்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வண்டியக் கழுவுங்கடான்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்," என்று எல்லார் காதிலும் விழச் சொல்லி, கேஜைத் தரையில் போட்டுவிட்டு வண்டி ஏறிக் கிளம்பிப் போனான்.

"ஆமா பாஸ், சொன்னீங்க," என்று அவன் முதுகைப் பார்த்து இளித்தான், தன் வண்டியருகே நின்ற டேரல்.

"வெக்கமா இல்ல உனக்கு? உன் தோள ஒடச்சதே அவன் அடிச்ச காத்துதான்!"

"தெரியும்," என்றான் டேரல் மெதுவாக. "அவரு அந்தாண்ட போனதும் நாங்க எல்லாருமே இறக்கிக்குவோம். அன்னைக்கு அவரு என் பக்கத்துலயே நின்னாரு. எப்படி இறக்குறது?"

பிரான்வின் நகத்தில் ஒட்டியிருந்த சாணியைத் தரையில் உதறினாள்.

"த்தூ! அதுக்கு எலும்ப ஒடச்சுக்கிட்டியா?" கேஜை எடுத்து அவன் கையில் திணித்தாள். "இந்தா, இப்ப இறக்கு. எல்லாரும் பாக்கட்டும்."

டேரல் தலையைத் தூக்கி, கிளைவ் போன திசையில் புழுதி அடங்கிவிட்டதா என்று பார்த்தான். அதற்கப்புறம்தான் குனிந்தான்.