ஆளில்லாத சீட்டின் கனம்

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர்போலத்தான் ஆவுடைநாயகம் இத்தனை வயதுவரை காலம் தள்ளிவிட்டார். சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற வேலை. காற்றாடி எவ்வளவு சுற்றினாலும் கேள்வி கேட்காது என்பதால் அந்த வேலை அவருக்குப் பொருந்திப்போயிற்று. பெண்டாட்டி கேட்பாள் அல்லவா? அங்கேதான் சிக்கல்.

முத்துச்செல்விக்குப் பதவி உயர்வோடு சென்னைக்கு மாற்றல் வந்தபோது, "நான் போகட்டா?" என்று கேட்டாள். 'போகாதே' என்று ஒரு சொல் வராதா என்று இட்லித் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். இந்த மனுஷர் "ம்" என்றார். போய்விட்டாள். சண்டையில்லை, வக்கீல் இல்லை. மூன்று வருடமாக இலஞ்சி வீட்டில் ஒற்றை ஆளாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவர் காரில் வீடு திரும்பும் நேரத்தில் அவள் கூப்பிடுவாள். போனை ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டில் செருகிவிடுவார். ஆபீஸ் கதை, ஹாஸ்டல் சாம்பார், மாடிக்குத் தண்ணீர் ஏறாதது எல்லாம் அவள் சொல்வாள். இவர் "ம்" கொட்டுவார். பேசி முடித்தால் ஊரெல்லாம் "வைக்கேன்" என்று சொல்லும். அவளுக்கு அந்த வார்த்தை ஆகாது. வாசற்படியில் நின்று விடைபெறுகிறவள் மாதிரி "சரி, வாரேன்" என்பாள். இவரும் "சரி, வா" என்பார். எங்கள் பக்கத்தில் போகிறவர்கள் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அவள் வரப்போவதில்லை என்று தெரிந்தும், அந்த ஒரு வாரேனுக்காகத்தான் அவர் மற்ற நாட்களை ஓட்டினார். 'வந்துரு' என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளியும் நினைப்பார். அதற்குள் போன் ஓய்ந்துவிடும்.

தனியாகக் கிடக்கிற மனுஷனுக்கு ஒரு கிறுக்கு வேண்டும். இவருக்குப் பழைய கார். கோயம்புத்தூர் பக்கம் நடக்கும் கார்ப் பந்தயத்துக்கு வருடந்தோறும் போவார். போன தடவை கண் இமைக்கிற நேர வித்தியாசத்தில் பரிசு கை நழுவியது. தென்காசியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் சேக்காளி இசக்கிமணிதான் வழி சொன்னார்: "என்ஜின்ல கைய வைக்காதியும் வே. கனத்தக் குறையும்."

குறைத்தார். கார்ப்பெட்டைத் தூக்கினால் கீழே பஞ்சு. பஞ்சுக்குக் கீழே தகரத்தோடு தகரமாக ஒட்டிக்கிடந்தது தார் ஷீட். வண்டி அதிராமல், ரோட்டுச் சத்தம் உள்ளே ஏறாமல் காப்பது அதுதான். சூடு காட்டி இளக்கி, பட்டி பார்க்கிற தகட்டால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். கதவுப் பஞ்சு போயிற்று. கூரைத் துணி போயிற்று. பின்சீட்டும் போயிற்று. கடைசியில் முன்னால் இடதுபக்கத்து சீட்டில் ஸ்பேனரை வைத்தார்.

"இதுவுமா? உடுப்பெல்லாம் உருவி அம்மணமாக்கிட்டீரே! யாரும் ஏறுனா எங்கன உக்காருவாவ?" என்று சிரித்தார் இசக்கிமணி.

"யாரு ஏறப் போறா? ஆளில்லாத சீட்டு சும்மா கனம்தான வே."

இசக்கிமணி அதற்கு மேல் சிரிக்கவில்லை.

வண்டி பறந்தது. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினதுபோல இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை சாரல் வேறு. வெறும் கூரையில் மழை அடிக்க, அடியில் ரோடு இரைய, போனில் முத்துச்செல்வியின் குரல் எங்கோ அமுங்கிக் கிடந்தது. "ஆபீஸ்ல… ஞாயித்து…" என்று துண்டு துண்டாக விழுந்தது. ஓரங்கட்டி நிறுத்தினால் தீர்ந்தது. ஆனால் என்ன சத்தம் என்று கேட்பாள். சீட்டைக் கழற்றினது வரைக்கும் சொல்லியாக வேண்டும். எதற்கு வம்பு? வழக்கம்போல "ம்" என்றார். என்னவோ கேட்டாள். அதற்கும் "ம்". கடைசியில் ஒரே ஒரு சொல் தெளிவாகக் காதில் விழுந்தது.

"வாரேன்."

"சரி, வா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுந்தரபாண்டியபுரம் ரோட்டில் காரை விரட்டிப் பார்த்துவிட்டு வீடு திரும்பிப் போனை எடுத்தால், வரிசையாக அவள் கூப்பிட்டிருந்தாள். ஒன்றுகூடக் காதில் விழவில்லை. கீழே ஒரு செய்தி: 'தென்காசி ஸ்டேஷன்ல நிக்கேன்.'

ஸ்டேஷன் வாசலில் இரண்டு பெரிய பெட்டிகளுக்கும் ஒரு அரிசி குக்கர் டப்பாவுக்கும் நடுவில் நின்றாள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போக வருகிறவர்கள் குக்கரைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். அவருக்குச் சந்தோஷம்தான், வேறென்ன?

"என்ன, மறந்துட்டியளா?" என்று சிரித்தபடியே வந்து காரின் இடதுபக்கக் கதவைத் திறந்தாள். வெறும் தகரமும் சீட்டு நட்டுகள் இருந்த ஓட்டைகளும்தான் இருந்தன.

"இங்கன இருந்த சீட்டு எங்க?"

"கழட்டிட்டேன். பந்தயத்துக்கு."

"நான் வாரேன்னு சொன்னேம்லா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை. "கார்ல ஒரே சத்தம். நீ சொன்னது எதுவும் கேக்கல. வாரேன்னது மட்டும் கேட்டுது. எப்பவும் சொல்லுததுதானன்னு…"

"அப்ப நீங்க வான்னது?"

அவர் காரின் தகரத்தைப் பார்த்தார்.

"தென்காசிக்கே மாத்தல் வாங்கிட்டேன், வந்துரட்டான்னு கேட்டேன். ம்-னு சொன்னிய. வாரேன்னேன், வான்னிய. இத்தன வருசத்துல நீங்க சொன்ன வா-ல அது ஒண்ணுதான் நெசம்னு நெனச்சேன். ராத்திரி பூரா ட்ரெயின்ல உறங்கல."

அழவில்லை. அழுதிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும். அவள் கைகாட்டி ஓர் ஆட்டோவை அழைத்தாள். "கடையநல்லூர்ல அக்கா வீட்டுல இருந்துக்கிடுதேன். அங்கேருந்தே வேலைக்குப் போயிருவேன்." பெட்டிகளை அவரே தூக்கி வைத்தார். குக்கரை அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, வாரேன்" என்றாள்.

அந்தச் சொல்லுக்கு இந்த முறை என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய ஆட்டோ தடதடவென்று உயிர் பிடித்தது. அப்போதுதான் ஆவுடைநாயகத்துக்கு வாய் திறந்தது. "செல்வி, போகாத. வா. நம்ம வீட்டுக்கு வா" என்றார், ஒரே மூச்சில்.

அவள் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி அவர் முகத்தைப் பார்த்தாள். மெல்லத் தலையசைத்து, "ம்" என்றாள்.

ஆட்டோ நகர்ந்துவிட்டது. அந்த 'ம்' எப்படிப்பட்டது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றும் காதில் விழாதவர்கள் கொட்டுகிற 'ம்' அது.