வியாழக்கிழமை எண்ணெய்

நரின் என்கிற மலையூரில் வியாழக்கிழமை சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு எண்ணெய் காயும். மாவுத் துண்டுகளைப் போட்டு போர்சோக் பொரிப்பார்கள். தின்பது உயிரோடிருப்பவர்கள், வாசனை செத்துப்போனவர்களுக்கு. ஜுமாஷ் வீட்டில் மட்டும் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. வாசனை பிடித்து வருகிறவர்கள், படுத்துக் கிடக்கும் மனைவி கலிபாவையும் கையோடு கூட்டிப்போய்விட்டால்? சட்டியைக் கவிழ்த்து வைத்துச் சாவைத் தடுத்துவிடலாம் என்று நம்பினான், அந்தப் பெரிய மனுஷன்.

மார்பில் தொடங்கிய புற்று அவளுக்கு முதுகெலும்பு வரை இறங்கியிருந்தது. அவளிடம் முதுகுப்பிடிப்பு என்றே சொல்லி வைத்திருந்தான்.

அன்று வந்த நர்ஸ் பெர்மெத், தலையணையைச் சரிசெய்யும்போது பார்த்தாள். வலிக்குக் கொடுத்த மார்ஃபின் மாத்திரைகள் அத்தனையும் அடியில் கிடந்தன.

"என்னக்கா இது? வலிக்கலையா?"

"உசிரு போகுது. போட்டா தூங்கிடுவேனே. அப்புறம் அவளுக்கு யாரு துணை?"

"எவளுக்கு?"

கலிபா கதவைக் காட்டினாள். "எங்கம்மாவுக்கு. அவ போயி எத்தனையோ வருஷமாச்சு. இப்ப இருட்டினா வந்துடறா. உள்ள வரமாட்டா, உக்காரமாட்டா. பசியோட நிக்கறா. பெத்தவளைப் பட்டினி போட்டுட்டு எனக்கென்ன தூக்கம்?"

ஜுமாஷுக்கு உடம்பு சில்லிட்டது. கதவுப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. "மருந்து மூளையைக் குழப்புது தங்கச்சி, வேற குடு" என்றான்.

"முழுங்காத மருந்து எப்படிண்ணே குழப்பும்? இன்னைக்கு வியாழன்தானே, அடுப்பைப் பத்த வைங்க."

"பத்த வச்சா இவளை..."

"வைக்கலைன்னா மட்டும்?"

அவன் எழுந்துபோய்ச் சட்டியை நிமிர்த்தினான். மாவு பிசைந்தான். "தண்ணி ஜாஸ்தி கிழவா, களியா கிண்டறே?" என்று படுக்கையிலிருந்தே கலிபா திட்டினாள். அவசரத்தில் காயாத எண்ணெயில் போட்டான். பிறகு பதறித் தீயைக் கூட்டினான். மேலே கரி, உள்ளே பச்சை மாவு. ஆனாலும் வாசனை எழுந்தது. மாமியார் பெயரைச் சொல்லிக் கையேந்தி ஓதினான். ஜன்னல்களெல்லாம் அடைத்திருந்த அறையில், புகை அத்தனையும் கதவை நோக்கியே போயிற்று. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

கலிபா மெல்லக் கையை நீட்டினாள். பெர்மெத் மாத்திரையை வைத்தாள். விழுங்கிவிட்டு அவள் கணவனைப் பார்த்தாள்.

"எனக்குப் பொரிக்கறப்பவாவது எண்ணெய் நல்லா காயட்டும். இப்படிப் பச்சையா இருந்தா நான் வரமாட்டேன், ஆமா."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முதுகுப்பிடிப்பு என்ற பொய் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்ல இப்போது அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவள் காலருகே உட்கார்ந்தான்.

"காய வச்சுத்தான் போடுவேன்," என்றான். "நீ வந்துடு."