மூக்கைத் தொடாதீர்கள்

காலையில் எழுகிறேன். பல் துலக்குகிறேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து டீத்தூள் போடுகிறேன். இரண்டு கோப்பைகளை எடுக்கிறேன். ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். நின்றபடியே குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவுகிறேன். சட்டையைத் தேய்ப்பதில்லை. திரை போட்ட அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவனின் சட்டையை யாரும் பார்ப்பதில்லை. கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் பிடிக்கிறேன்.

போட்டோ ஸ்டுடியோவில் முகங்களைத் திருத்துவது என் வேலை. பருவை அழிப்பேன். இரட்டை நாடியை ஒற்றையாக்குவேன். கண்ணை மூடிவிட்டவருக்கு வேறு படத்திலிருந்து அவர் கண்ணையே எடுத்து வைப்பேன். போன வாரம் ஒருவர் தாடையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். படத்தை வாங்க வந்த அவர் மனைவி, "ஆளு நல்லா இருக்காரே, யாரு இவரு?" என்று கேட்டார்.

பக்கத்து நாற்காலி என் மனைவியுடையது. அவளுக்கும் இதே வேலைதான். ஸ்டுடியோவில் அவள் பெயர் வாலு. அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. வாசலில் மாட்டியிருந்த விளம்பரத் திரையில் முதலாளியின் படம் வரும். அதில் அவர் முடியை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். அவர் தலைக்கு எண்ணெயை மாற்றினார், ஷாம்பூவை மாற்றினார், டாக்டரையும் பார்த்தார். டாக்டர்தான் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. ஒருவர் ஒரு படத்தில் முகத்தின் ஒரே ஓர் இடத்தைத் திருத்த வேண்டும். மற்றவர் எதுவென்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு யூகம்தான். தப்பாகச் சொன்னால் மறுநாள் டீ அவர் போட வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்து ஏமாற்றக் கூடாது என்பதற்காக அசலை அழித்துவிடுவோம். வாடிக்கையாளர்களின் அசலை உயிரைப் போலப் பாதுகாக்கிற நாங்கள், எங்கள் படத்தில் ஒன்றைக்கூட அசலாக விட்டுவைக்கவில்லை.

இப்போது ஹாலில் மாட்ட அவள் படம் ஒன்று வேண்டும் என்று மாமியாரும் மாமனாரும் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார்கள்.

கடைசிப் படத்தைத் திறந்தேன். மருத்துவமனைக்குப் போவதற்கு முன் நான் எடுத்தது. அதில் ஓர் இடத்தை, கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, நர்ஸ் திட்டத் திட்ட அவள் திருத்தியிருந்தாள். எந்த இடம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"முகம் அவளேதான்" என்றார் அத்தை. "மூக்குதான் இடிக்குது. அவளுக்கு இவ்வளவு பெரிய மூக்கு கிடையாது மாப்ள."

"அது என் மூக்கு" என்றார் மாமா. "தொடாதீங்க."

"உங்க மூக்கு உங்களோட இருக்கட்டும். எம் பொண்ணுக்கு என் மூக்கு."

"போன்ல பாரு."

அவர் தன் போனை நீட்டினார். மகள் அனுப்பிய படங்கள். எல்லாவற்றிலும் மாமாவின் மூக்கு. அத்தை தன் போனை நீட்டினார். அதே படங்கள். எல்லாவற்றிலும் அத்தையின் மூக்கு. இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். யார் யாருக்கு எது பிடிக்குமோ அதை அனுப்பியிருக்கிறாள். வீட்டு ஆல்பத்தை ஸ்கேன் செய்துகொடுத்ததும் அவள்தான். அதையும் நம்ப முடியாது.

"கேடி" என்றார் மாமா. குரலில் பெருமை இருந்தது.

"நீங்க சின்னதாக்குங்க மாப்ள. பாத்துட்டுச் சொல்றேன்."

குறைத்தேன். மூக்கு சின்னதானதும் உதடு பெரிதாகத் தெரிகிறது என்றார். அதையும் குறைத்தேன். நெற்றியைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். இறக்கினேன். அத்தை சாய்ந்து உட்கார்ந்தார்.

"இப்பதான் எம் பொண்ணு."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது நீ. கல்யாணத்தப்ப இப்படித்தான் இருந்தே."

மாமா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருந்திருக்கே" என்றார்.

நான் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். நெற்றி ஏறியது. உதடு வந்தது. மூக்கு வந்தது.

"மூக்கு அசல், அத்தை. வேற எங்கயோ கை வச்சிருக்கா. மூக்குல இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவதான் சொன்னா."

"எப்போ?"

"ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோகும்போது."

அவள் கடைசியாகச் சொன்னதாக வேறொரு வாக்கியம் உறவுக்காரர்களிடம் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன். அத்தை தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்றார். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. "அம்மாவைப் பாத்துக்கன்னு சொல்லியிருப்பா" என்றார் மாமா. சாயங்காலத்துக்குள் அது, அவள் சொன்னதாகவே ஆகிவிட்டது. மறுநாள் அதில் அப்பா சேர்ந்தார். அந்த வாரத்திலேயே சித்தப்பா குடும்பமும் சேர்ந்துகொண்டது. நான் திருத்தவில்லை. படத்துக்குக் கீழே அந்த வாக்கியத்தையும் போடச் சொல்லி அத்தை காலையில்தான் கேட்டிருந்தார்.

"அப்போ என்னைப் பத்தி எதுவும் சொல்லலையா?" என்றார் அத்தை.

"இல்ல அத்தை. திரும்பி வந்துடுவோம்னு நெனச்சுக்கிட்டுப் போனா."

படத்தை அப்படியே பிரிண்டுக்கு அனுப்பினேன். அந்த மூக்கோடு. எங்கே என்று தெரியாத அந்த ஒரு பொய்யோடு. கீழே எழுத்து எதுவும் இல்லை. பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. மாமா தன் மூக்கைத் தடவிக்கொண்டார். அத்தை முதலில் நெற்றி வருவதைப் பார்த்தார். பிறகு கண். பிறகு மூக்கு.

"என்ன சொன்னா? அப்படியே சொல்லுங்க. கூட்டாம, குறைக்காம."

சொன்னேன். அன்றைய யூகம் இன்னும் மிச்சம் இருந்தது. கட்டிலைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். நான் கூடவே நடந்தேன். மூக்குதானே என்று கேட்டேன். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"மூக்கு இல்லடா. தப்பு. நாளைக்கும் டீ நீதான்."