பிரேமா உப்பான சாயங்காலம்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கோபம் வரக்கூடாது. எனக்கோ மூக்குக்கு மேல் வரும்.

கிரேக்கக் கதையில் பார்த்தாலே ஆளைக் கல்லாக்கும் ஒருத்தி வருவாளே, அவள் வம்சம் நாங்கள். எந்தக் காலத்திலோ அம்மா வழி மூதாதை ஒருத்தி கப்பலேறித் தூத்துக்குடியில் வந்து இறங்கியிருக்கிறாள். தலையில் இருந்த பாம்பெல்லாம் இப்போது சுருட்டை முடியாகிவிட்டது. கண் மட்டும் அப்படியே இருக்கிறது; கோபத்தில் முறைத்தால் போதும், எதிரில் நிற்கும் ஆள் அவ்வளவுதான். என்ன, இந்த ஊர்த் தண்ணீருக்குக் கல் வரவில்லை, உப்புதான் வருகிறது. அம்மாவும் நானும் எப்போதும் கூலிங் கிளாஸோடு திரிவது அதனால்தான். அன்று வியர்க்கிறதென்று நான் அதைக் கழற்றியது என் தப்பு.

அன்று பிரேமாவைத் தேடி அவள் அப்பாவின் உப்பளத்துக்குப் போனேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி அவள். கோயம்புத்தூரில் காலேஜ் சீட் கிடைத்து, திங்கள்கிழமை கிளம்புகிறாளாம். ஊருக்கெல்லாம் சொன்னவள் எனக்குச் சொல்லவில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பற்றிக்கொண்டு வராதா?

"எங்கிட்ட மட்டும் ஏம்ளா சொல்லல?" என்று முறைத்தேன்.

"நீ கோவப்படுவன்னுதான், ஜெனிலா..." என்று ஆரம்பித்தவள், திறந்த வாயோடு வெள்ளை வெளேரென்று உப்பாகி நின்றாள்.

ஐயையோ! மேற்கே இடி வேறு இடித்தது. உப்பின் மேல் மழை பெய்தால் என்ன மிஞ்சும்? அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அடிப் பாவி, பிரேமாவையா?" என்றாள் அம்மா. "சரி, பதறாத. உங்க அப்பாவ நான் ஏழு தரம் உப்பாக்கியிருக்கேன். மன்னிப்புக் கேளு, திரும்பிருவா. மனசுல உள்ளத ஒளிக்காமக் கேக்கணும். சும்மா வாயால கேட்டா முழங்காலோட நின்னுரும்."

"சாரிளா," என்றேன் பிரேமாவிடம். அவள் கால் விரல்கள் மட்டும் சதையாகி நெளிந்தன. "சாரிதான். ஆனா நீ செஞ்சது தப்பு!"

விரல்கள் மறுபடி உப்பாயின. என் வாயில் கொள்ளிவைக்க!

தூறல் விழுந்தது. அவள் மூக்கு நுனி கரைந்து சொட்டியது. துப்பட்டாவை அவள் தலைமேல் விரித்துப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"சொல்லாததுக்கு இல்லளா கோவம். நீ போறதுக்குத்தான். எங்கோவத்தத் தாங்குற ஒரே ஆளு நீதான். நீயும் போயிட்டா நான் யாருகிட்டப் போய்க் கத்துவேன்? என்னய மன்னிச்சிரு. போ, போய் நல்லாப் படி."

அவள் கன்னத்தில் நிறம் ஏறியது. அப்புறம் தும்மினாள்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இந்தக் கண்ணால் இனி யாரையும் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். பிரேமா விட்டால்தானே? என் இமைகளை விரலால் பிரித்து, முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தாள். மூக்கு கொஞ்சம் சப்பையாகியிருந்தது.

"பாருளா என்னய," என்றாள். "பொங்கலுக்கு வருவேன். அதுவரைக்கும் உள்ள கோவத்தையெல்லாம் சேத்து வையி. வெயில் நாளாப் பாத்து மொறைச்சுக்கோ."