ஐந்து பேரும் ஒரு சோடிக் காலும்

டென்மார்க்கில், இக்காஸ்ட் நெசவுக் கல்லூரிப் பெடியன்களுக்கு அமெரிக்க உதைபந்துப் பைத்தியம் பிடித்தது எண்பத்தெட்டாம் ஆண்டு. பெயரில்தான் உதை இருக்கிறது, பிள்ளைகளே. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத்தான் இடிக்கிறார்கள். யெப்பே என்ற நெட்டையன் பின்னால் நின்று பந்தை எறிவான். எதிரிகள் அவனைக் கவிழ்க்கப் பாய்ந்து வருவார்கள். முன்னால் ஐந்து பேர் மதிலாக நின்று மறிக்க வேண்டும். நடுவில் நிற்பவன் பந்தைப் பின்னுக்குக் கொடுப்பான், அதோடு சரி; பிறகு ஐவருக்கும் இடிதான் சாப்பாடு. ஆகவே கல்லூரியில் எறிய இருபது பேர், பிடிக்க முப்பது பேர், மறிக்க ஒருவருமில்லை.

அதே கட்டடத்தில் டேனிஷ் படிக்க வந்த நம்மவர்கள், இலங்கையிலிருந்து அகதியாய்ப் போன ஆட்கள், இடைவேளையில் முற்றத்தில் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடுவார்கள். கோட்டைக் காத்து நிற்பவரைத் தாண்டி ஓடவேண்டும். பயிற்சியாளர் வெர்னர் யன்னலால் எட்டிப் பார்த்தார். கோணேஸ்வரனைத் தாண்ட ஒரு குருவியாலும் முடியவில்லை. அன்றைக்கே கோணேஸ்வரன், பேதுரு, இன்னும் மூன்று பேருக்குத் தலைக்கவசம் கிடைத்தது.

ஆறு ஆட்டம், ஆறும் வெற்றி. யெப்பேயின் உடுப்பில் ஒரு புல்லும் ஒட்டவில்லை. அவனுடைய அம்மா அதைத் தோய்க்காமலே மடித்து வைத்தாராம்.

கோணேஸ்வரனுக்கோ வெற்றியில் மனம் இல்லை. மனைவி கோகிலா திருகோணமலையில். அவளை அழைக்கும் விண்ணப்பம் கோப்பன்ஹேகனில் ஒன்றரை வருடமாக அசையாமல் கிடந்தது. காத்திருக்கிற மனம் என்னதான் நினைக்காது! “சனிக்கிழமைகளில் எங்கே போகிறீர்கள்? முப்பத்திரண்டு வயதில் கல்லூரியில் பந்து விளையாடுகிறேன் என்று கதை விடவேண்டாம். படம் அனுப்பினால் நம்புகிறேன்” என்று எழுதியிருந்தாள்.

உள்ளூர்ப் பத்திரிகைப் படக்காரர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தார். ஒவ்வொரு முறையும் யெப்பேயின் சிரிப்புத்தான் அச்சில் வந்தது.

“போன கிழமைப் பேப்பரில உன்ர முழங்கை தெரியுது மச்சான். வெட்டி அனுப்பன்” என்றான் பேதுரு.

“முழங்கையைப் பார்த்துப் புருசன் எண்டு எப்பிடியடா நம்புவாள்?”

“கட்டினவளுக்குத் தெரியாதோ?”

“விசரா, மூண்டு மாசந்தானேயடா சேர்ந்திருந்தனாங்கள்!”



ஏழாவது ஆட்டம் பிரெடெரிசியா ஊர்க்காரருடன். தொடங்கமுன் கோணேஸ்வரன் படக்காரரிடம் போய், தெரிந்த டேனிஷில், “எங்களையும் ஒருக்கா” என்று கேட்டான். நல்ல மனிதர், தலையாட்டினார்.

கடைசி இரண்டு நிமிடம். நாலு புள்ளி நம்மவர் முன்னுக்கு. பேதுரு பந்தைப் பின்னுக்குக் கொடுத்த அதே கணம், படக்காரர் ஓரத்தில் முழந்தாளிட்டு, “ஐந்து பேரும், இங்கே!” என்று கூப்பிட்டார்.

நம்முடைய ஆட்களுக்குப் படம் என்றால் விளையாட்டா? ஐவரும் திரும்பினார்கள். தலைக்கவசம் கழன்றது. பேதுருவின் காலுறைக்குள்ளிருந்து சீப்பு வந்தது. தலை இழுத்து, கையைத் தொடையோடு ஒட்டி, பல் தெரியாமல், கல்யாண வீட்டுப் படத்துக்கு நிற்பதுபோல் நின்றார்கள்.

இரண்டு பக்கத்தாலும் பிரெடெரிசியா புகுந்தது.

“மறியுங்கள்! மறியுங்கள்!” யெப்பேயின் குரல் எங்கோ அடியிலிருந்து கேட்டது.

“ஒருத்தரும் அசையாதேங்கோ” என்றான் கோணேஸ்வரன், உதடு அசையாமல். “ஆள் இன்னும் பட்டனை அமத்தேல்ல.”

பந்து நழுவி, எதிரி எடுத்து ஓடி, ஆட்டம் தோற்றது. யெப்பேக்கு எலும்பு ஒன்றும் முறியவில்லை, காதுக்குள் மட்டும் சேறு. ஏச்சு விழப்போகிறதென்று ஐவரும் தலைகுனிந்து நிற்க, வெர்னர் மற்றப் பெடியன்கள் பக்கம் திரும்பினார்.

“ஆறு ஆட்டமாக இவர்களின் பெயரை யாராவது கேட்டீர்களா? கொஞ்ச நேரம் திரும்பி நின்றார்கள். நடந்ததைப் பார்த்தீர்கள்தானே?”

யெப்பே காதைத் தோண்டியபடி வந்து ஒவ்வொருவராகப் பெயர் கேட்டான். கோணேஸ்வரன் என்று முழுதாகச் சொல்ல நாலு தரம் எடுத்தது. ஆனாலும் சொன்னான்.

பத்திரிகையில் படம் அரைப்பக்கத்துக்கு வந்தது. முன்னால் ஐந்து கனவான்கள், பின்னால் ஆட்குவியல், அதன் உச்சியில் வானத்தைப் பார்த்தபடி ஒரு சோடிக் கால், ஒன்றில் சப்பாத்தில்லை. கோணேஸ்வரன் மூன்று பிரதி வாங்கி மூன்றையும் அனுப்பினான்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது.

“படம் கிடைத்தது. நீங்கள்தான். அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டா. இனிச் சனிக்கிழமை பற்றிக் கேட்கமாட்டேன். ஆனால் பின்னால் கிடக்கிற கால் யாருடையது? ஒரு பிள்ளை விழுந்து கிடக்க, ஐந்து ஆம்பிளைகள் தலை இழுத்துக்கொண்டு நிற்கிறீர்களே, வெட்கமில்லையா? முதலில் தூக்கிவிடுங்கள். நான் வந்ததும் அவனுடைய தாயிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.”

அடுத்த சனிக்கிழமை, ஒவ்வொரு முறை விசில் ஊதியதும் கோணேஸ்வரன் ஓடிப்போய் யெப்பேயை அக்குளில் பிடித்துத் தூக்கி, தூசி தட்டி நிறுத்தினான்.

“நான் விழவே இல்லையே!” என்று கத்தினான் யெப்பே.

“தெரியும். பேசாம நில்லு” என்றான் கோணேஸ்வரன். “மனிசி சொல்லிப்போட்டாள்.”