நாற்றக் கழிவு

நூற்று எண்பத்தாறு ரூபாய். காசியம்மாள் பூபதி மேஸ்திரிக்குத் தர வேண்டியது அவ்வளவுதான். புருஷன் சடையனை இருமலும் ரத்தமுமாகப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அன்று வாங்கியது நூற்றைம்பது. சடையன் பிழைத்து வந்து மூலையில் படுத்துக்கொண்டான். கடன் மட்டும் எழுந்து நடமாடியது.

பூபதி வாசலுக்கு வெளியே நின்றே பேசினான். காலனி வீட்டுக்குள் அவன் காலெடுத்து வைத்ததில்லை.

"இன்னா காசி, வசந்தாவ நாளைக்கு அனுப்பிடு. கொட்டாயில ஒரு அடுப்பு சும்மா கெடக்குது. கடன் தீர்ற வரிக்கும் வந்து ஒக்காரட்டும்."

"அது எட்டாவது படிக்குது மேஸ்திரி."

"படிச்சி? ஏரியில எறாவுக்குப் பாடம் எடுக்கப் போவுதா?"

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த மகள் வசந்தாவின் கை நின்றது. சடையன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பூபதி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சைக்கிள் மணியடித்துக்கொண்டே போய்விட்டான்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். பழவேற்காட்டு ரோட்டோரம் பூபதி போட்டிருந்த கொட்டகையில் நைலான் துணிக்கு அச்சுப் போட்டு, பூவும் கொடியுமாக வெட்டி, மெட்ராசுக்கு அனுப்புவார்கள். அங்கே அது கைப்பையாகும், இடுப்புப் பட்டையாகும், கழுத்தில் சுற்றும் துண்டாகும். கத்தரி வைத்து வெட்டினால் நைலான் பிசிர் விடும். அதனால் கரியடுப்பில் காய்ச்சிய கம்பியால் வெட்ட வேண்டும். ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். வலைக்கயிற்றின் நுனியைப் பீடி நெருப்பில் சுட்டுப் பிசிரை அடக்குவது ஏரிக்கரையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். துணிக்கும் அப்படிச் செய்யலாமே என்று முதலில் சொன்னவள் காசியம்மாள். அதை அவளே மறந்துவிட்டாள். மற்றவர்களும் மறந்துவிட்டார்கள்.

காலனியிலிருந்து காசியம்மாளோடு சேர்த்து ஆறு பெண்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். விடிகாலையில் ஏரிக்குள் இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்து, கையால் தடவித் தடவி இறால் பிடித்து, கரையில் விற்றுவிட்டு அப்படியே வருவார்கள். இறாலைப் போட்டு வைக்கும் பனையோலைப் பறியைக் கொட்டகைக்குள் கொண்டுவரக் கூடாது. வெளியே வேலியில் மாட்டிவிட வேண்டும். சனிக்கிழமை கூலி நாளில் அந்த ஆறு பேருக்கு மட்டும் தலைக்கு இரண்டு ரூபாய் பிடிப்பான் பூபதி. சரக்கில் நாற்றம் ஏறுகிறதாம். அதற்கு நாற்றக் கழிவு என்று பேர். காசியம்மாளுக்குக் கூலியில் பிடிக்காமல் கடனில் ஏற்றினான். நூற்றைம்பது அப்படித்தான் பதினெட்டே வாரத்தில் நூற்று எண்பத்தாறானது.

குப்பத்துப் பெண்களும் அங்கே இருந்தார்கள். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டுத்தான் அவர்களும் வந்தார்கள். அவர்களுக்குக் கழிவு இல்லை. அது கடல் நாற்றமாம். இது சேற்று நாற்றமாம்.

மேஸ்திரி வந்துபோன அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் காசியம்மாள் பறியைக் கழுவிக் காயவைத்தாள். கொட்டகையில் வழித்தெறிந்த அச்சுச் சாயம் ஒரு கொட்டாங்குச்சியில் இருந்தது. பறியின் அடியை அதில் தொட்டு, கழித்துப் போட்ட வெள்ளைத் துணியில் அழுத்தி எடுத்தாள். ஓலைப் பின்னல் அப்படியே பதிந்தது. பிறகு குடைக்கம்பியை அடுப்பில் காய்ச்சி, பின்னலின் சந்துகளை ஒவ்வொன்றாக வெட்டினாள்.

சடையன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "இன்னாம்மே, பறிக்கி சீல கட்டி வுடுறியா?"

"பேசாம படு. இருமல் வந்துடும்."

வெட்டி முடித்து, சந்து வழியே தெரியும்படி அடியில் ஒரு சிவப்புத் துணியை வைத்துத் தைத்தாள். வசந்தா அதைத் தோளில் போட்டுப் பார்த்தாள். கழற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் காசியம்மாள் மகளை அழைத்துப் போகவில்லை. அந்தத் துணியைத்தான் கொண்டுபோனாள். மெட்ராஸ் கம்பெனி இரண்டு மாதமாகப் புது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. பூபதி அனுப்பிய மயில், மாங்காய், தேர் எல்லாம் திரும்பி வந்திருந்தன. அவன் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். எதன் சாயல் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தச் சாமான் தினமும் அவன் வேலியில்தான் தொங்கியது.

"நல்லாத்தான் கீது. ஆனா ஒண்ணு காசி, இது என் வூட்டுக்காரி தேவகி செஞ்சதாத்தான் போவும். காலனிக் கை பட்டுதுன்னா எவ தோள்ல மாட்டுவா?"

"வசந்தா பள்ளிக்கோடம் போவணும். கடன் தீரணும்."

"ஆர்டர் கெடச்சா நூத்தி எம்பத்தாறையும் கிழிச்சிப் போட்டுடுறேன். வாய மட்டும் தெறக்காத."

"சரி மேஸ்திரி," என்றாள். பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை, பூபதி அனுப்பிய மாதிரியைப் பார்த்துவிட்டு, மெட்ராஸ் கம்பெனி அம்மாள் காரில் வந்து இறங்கினாள். கூடவே ஒரு போட்டோக்காரன். கொட்டகையில் ஊதுபத்தி புகைந்தது. தேவகி பட்டுச்சேலை கட்டி, முகத்திலும் கையிலும் பவுடர் அப்பி நின்றாள். காலனிப் பெண்களைக் கடைசி அடுப்புக்குத் தள்ளியிருந்தார்கள்.

"பிரமாதம்! இந்த டிசைன் உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"கோயில் ஜன்னலப் பாத்து..." தேவகி மனப்பாடம் செய்ததைச் சொன்னாள்.

அந்த அம்மாளின் பார்வை வேலிக்குப் போனது. ஆறு பறிகள் வரிசையாகத் தொங்கின. நேரே போய் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து, கைப்பைத் துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பின்னலுக்குப் பின்னல், சந்துக்குச் சந்து பொருந்தியது.

"ஜன்னலா? இதுதானே அது! எதுக்கு மறைக்கிறீங்க? இது உங்களோடதா?" என்று தேவகியைக் கேட்டாள்.

பறியில் ஒரு பக்கம் சாயக்கறை இருந்தது. கழற்றி வந்தது காசியம்மாளின் பறியைத்தான்.

தேவகி புருஷனைப் பார்த்தாள். பூபதி தரையைப் பார்த்தான்.

"ஆமா மேடம். இவளுதுதான்," என்றான்.

"அப்போ இதோட ஒரு படம் எடுத்துடலாம். பையோட இந்தப் படமும் போகும். இதை எப்படி மாட்டிக்குவீங்க?"

கடைசி அடுப்பிலிருந்து காசியம்மாளின் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது.

"பல்லுல கடிச்சிக்கணும்மா. ரெண்டு கையும் சேத்துக்குள்ள இருக்கும்ல."

"உங்களுக்கும் தெரியுமா?"

காசியம்மாள் பூபதியை ஒரு தரம் பார்த்தாள். "பாத்திருக்கேம்மா."

"அருமை. அப்படியே கடிச்சிட்டு நில்லுங்க தேவகி."

"என்னங்க..." என்றாள் தேவகி, அழுகிற குரலில்.

"புடிடீ," என்று பல்லுக்குள்ளேயே சொன்னான் பூபதி. "ஐந்நூறு பை ஆர்டரு."

காசியம்மாள் எழுந்து போய், பறியின் கயிற்றை எந்த இடத்தில் கடிக்க வேண்டும் என்று காட்டினாள். அங்கே கயிறு கறுத்து, தேய்ந்து, பல் பதிந்து கிடந்தது. பன்னிரண்டு வருஷத்து எச்சில்.

"நடுவுல கடிங்க தேவகிம்மா. ஓரத்துல கடிச்சா சாஞ்சிடும்."

தேவகி கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். போட்டோக்காரன் மூன்று படம் எடுத்தான்.

கார் போன பிறகு குப்பத்துப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் வேலை செய்தார்கள். தேவகி கொல்லைப்புறம் வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் கூலி கொடுக்கும்போது பூபதி தலைநிமிரவில்லை.

"நூத்தி எம்பத்தாறு கிழிஞ்சிது. சொன்ன சொல்லு. இந்த வாரத்து நாத்தக் கழிவு ரெண்டு ரூவா மட்டும் நிக்குது."

காசியம்மாள் பறியை மூக்கருகே கொண்டுபோனாள். ஓலை முழுக்கப் பவுடர் வாசம்.

"மேஸ்திரி, பறி பூரா பவுடர் நாத்தம். இந்த நாத்தத்துக்கு எறா கிட்டவே வராது. ஒரு நாள் முச்சூடும் சேத்துல ஊறப்போட்டுக் கழுவணும். என் பொழப்பு ஒரு நாள் போச்சி." அவள் பறியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அதுக்குக் கழிவு ரெண்டு ரூவா. சரியாப் போச்சில்ல?"

பூபதி அந்த இரண்டு ரூபாயையும் கணக்கிலிருந்து அடித்தான். மற்ற ஐந்து பேரும் தத்தம் பறியை வேலியிலிருந்து எடுத்து ஒரு தரம் முகர்ந்து பார்த்தார்கள்.